நின்ற இடத்திலேயே கெடும் வண்டி: திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் பராமரிப்பும் ஓட்டமும்

புது மோட்டார் சைக்கிளோடு தரும் கைநூலில் சேர்விஸ் கணக்கு கிலோமீற்றரில்தான் எழுதியிருக்கும். 500, 3,000, 6,000 என்று போகும். ஓடினால் தேயும், ஓடாவிட்டால் தேயாது என்பதுதான் அந்தக் கணக்குக்கு அடிப்படை. கந்தளாய்ப் பக்கம் வயலும் குளமுமாக இருக்கிற ஊரில் அது ஓரளவு சரிவரும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ திருக்கடலூரிலோ கடலைப் பார்த்த வளவில் நிற்கிற வண்டிக்கு அது பொருந்தாது. கந்தளாயில் ஒருவர் தினமும் 40 கிலோமீற்றர் ஓடுகிறார், நிலாவெளியில் இன்னொருவர் அதே வகை வண்டியை வெள்ளிக்கிழமையில் கோணேசர் கோயிலுக்குப் போக மட்டும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் இரண்டாமவருடைய எஞ்சின் புதிதுபோலவே இருக்கும். பிரேக் கேபிளும் சைலன்சரின் அடிப்பக்கமும் சில்லுக் கம்பிகளும் முதலாமவருடையதைவிட முந்திப் போய்விடும்.

காரணம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது. மாரியில் உப்புப் போத்தல் நீர் விட்டுக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். ஆகவே கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்புப்படலம், மழையே இல்லாத இரவிலும் இரும்பின்மேல் மெல்லிய ஈரமாகக் கிடக்கிறது. அலுமினிய உறைக்குள் இரும்பு ஆணி இறங்கியிருக்கும் இடங்களில் நிலைமை இன்னும் மோசம். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் சிறிய பற்றரிபோல் வேலை செய்யும், அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொரிந்து ஆணியை இறுக்கிவிடும். ஆணியைக் கழற்றும்போதெல்லாம் புரியில் துளி கிறீஸ் பூசிப் போடுவது ஒரு நிமிட வேலை. பூசாமல் விட்டால் அடுத்த முறை கழற்றும்போது ஆணியின் தலை முறிந்து கையோடு வரும்.

இங்கே பராமரிப்பில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனைக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓடினோம். இன்று வீதியில் ஓடுவதில் பெரும்பங்கு பழைய வண்டி. எஞ்சின் பழசானால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். துருப்பிடித்த பிரேக் கேபிளோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் அறுந்துவிடும்.

அதனால் இங்கே கிலோமீற்றரோடு நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று, ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி. ஒவ்வொன்றும் வண்டியின் வேறுவேறு உறுப்பைத் தின்கிறது.

கழுவுவதிலும் ஒரு கணக்கு

கரையோரத்தில் நிற்கும் வண்டியை வாரம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கடற்கரை மணலில் இறக்கிய வண்டியை அன்றே அலச வேண்டும். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கோடையில் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறும். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். குழாய்த் தண்ணீர் ஒரு வாளி இருந்தால், கடைசி அலசலுக்காவது அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சூடான எஞ்சினிலும் சைலன்சரிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது, கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும். சேர்விஸ் நிலையத்தின் அழுத்தக் குழாயைச் சில்லின் நடுவிலும் ஹாண்டில் திரும்பும் ஹெட் பெயரிங் பக்கமும் பிடிக்க விடாதீர்கள். ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய் கிறீஸைக் கரைத்துவிடும். அலசி முடிந்ததும் வண்டியை ஐந்து பத்து நிமிடம் ஓட்டி, பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்துக் காயவைத்த பிறகே நிறுத்த வேண்டும். இரவில் பொலித்தீன் விரிப்பால் நிலம் வரை மூடுவது வண்டிக்கு நல்லது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. கீழே காற்றுப் போகிற மாதிரித் துணி உறையோ வெறும் கூரையோ மேல்.

முன் ஷொக்கின் மினுங்கும் தண்டுகளை மட்டும் மறக்காமல் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். அங்கே உப்பு குத்திச் சிறு புள்ளிகள் விழுந்தால், அவை ரப்பர் சீலை அரம்போல் அராவும். கசியும் ஒயில் வழிந்து முன் பிரேக்கில் இறங்கும். பிரேக் பிடிக்காமல் போவதன் தொடக்கம் இப்படிப் பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இருக்கலாம்.

செயின்

கைநூல் 500 கிலோமீற்றருக்கு ஒரு முறை எண்ணெய் போடச் சொல்லும். இங்கே மாரியிலும், மணல் வீதியிலும் 300க்கு ஒரு முறை என்று வையுங்கள். பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இந்த வேலை. எஞ்சின் ஓட, செயின் சுற்றச் சுற்றத் துணியால் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் அழுக்கைக் கழுவி, காயத் துடைத்து, 90 இலக்கக் கியர் ஒயிலைக் கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுச் சில்லைக் கையால் சுற்ற வேண்டும். கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். செயினில் ஓ-றிங் என்னும் ரப்பர் வளையங்கள் இருந்தால் பெற்றோல் படக் கூடாது.

செயினில் கிறீஸ் அப்புவதும், கராஜில் வடித்த கழிவொயிலை ஊற்றுவதும் நம்மூர்ப் பழக்கம். கிறீஸில் மணல் ஒட்டினால் அது அரைக்கிற பசை. கழிவொயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகத்தூள் இருக்கிறது. போதாததற்கு அது சிதறிப் பின் ரயரில் படும்.

தொய்வு பார்க்கச் சில்லைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில், கீழ்ச்செயினின் நடுவில் மேலும் கீழும் சேர்த்து 20 முதல் 30 மில்லிமீற்றர் அசைவு இருந்தால் 100 முதல் 150 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சரி. கூடினால் அச்சு நட்டைத் தளர்த்தி, இரு பக்க அஜஸ்டர்களையும் ஒரே அளவு, கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். இரு பக்கக் கோடுகளும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பார்த்து நட்டை இறுக்குங்கள். சில்லு பின்னுக்குப் போனதால் பின் பிரேக்கின் அளவும் மாறியிருக்கும், அதையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இணைப்புக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் ஏதாவது தட்டிக் கழன்றுவிடும். செயின் ஓடும் பற்சில்லான ஸ்பொக்கற்றின் பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை, முன், பின் ஸ்பொக்கற், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மீன் பெட்டி கட்டும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கே போதாது. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் உருகி ஒழுகுவது உப்பும் மீன்நீரும் கலந்த கரைசல். இந்திய வண்டிகளில் செயின் இடப்பக்கம், பின் பிரேக் ட்ரம் வலப்பக்கம். பெட்டி எந்த மூலையில் ஒழுகினாலும் இரண்டில் ஒன்று அகப்படும். ரயரில் பட்டால் வளைவில் வழுக்கும். பெட்டிக்கு அடைப்பு போட்டு, நிற்கும் இடத்தில் மட்டும் நீரைத் திறந்துவிடுவதுதான் முறை. எடையையும் பாருங்கள். பல 100 சிசி வண்டிகள் ஓட்டுநர் உட்படச் சுமார் 130 கிலோவுக்குத்தான் செய்யப்பட்டவை. 65 கிலோ ஆளும் 60 கிலோ பெட்டியும் ஏறினாலே எல்லை வந்துவிட்டது. அதுவும் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்சில்லு இலேசாகி, ஹாண்டில் ஆடும், முன் பிரேக்குக்குப் பிடிமானம் குறையும்.

பிரேக்

காய்ந்த தார்வீதியில் வண்டியை நிறுத்தும் பலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் பிரேக்கினுடையது. பிரேக் பிடித்ததும் எடை முன்னுக்கு ஓடுவதுதான் காரணம். "முன் பிரேக் பிடித்தால் குத்துக்கரணம்" என்று சொல்லிக் கொடுத்தே பலரை அதைத் தொடாமல் ஓடப் பழக்கியிருக்கிறோம். ஆபத்து முன் பிரேக்கில் இல்லை, திடீரென்று இறுக்கிப் பிடிப்பதில்தான். இரண்டையும் சேர்த்து, மெல்லத் தொடங்கி இறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

ட்ரம் பிரேக்கில் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றரும், கால் பெடல் 20 முதல் 30 மில்லிமீற்றரும் சும்மா அசைந்த பிறகு பிடிக்கத் தொடங்கினால் போதும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது பிரேக் தட்டிலுள்ள அம்பு, எல்லைக்கோட்டைத் தொட்டால் உள்ளே ட்ரம்மோடு உரசும் ஷூ முடிந்துவிட்டது. அந்த நேரம் ஷூவை மாற்றாமல், வெளியே உள்ள பிரேக் நெம்புகோலைக் கழற்றிப் பல் மாற்றிப் போட்டு "இன்னும் ஓடலாம்" என்று தருபவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்காதீர்கள். உள்ளே ஷூவை விரிக்கும் கேம் தன் எல்லையைத் தாண்டித் திரும்பினால், பிரேக் பிடித்தபடியே பூட்டிக்கொள்ளக்கூடும். மணல் வீதியில் ஓடுபவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ட்ரம்மைத் திறந்து தூளைத் துடைத்து, கேம் தண்டுக்கு மட்டும் மெல்லிய கிறீஸ் பூச வேண்டும். தண்டு துருப்பிடித்தால் லீவரை விட்டாலும் பிரேக் திரும்பாது, ட்ரம் சுடும்.

டிஸ்க் பிரேக்கில் உப்பு பிடிக்கும் இடம், பாட்களைப் பிடித்திருக்கும் கலிப்பர் நகரும் இரண்டு ஊசிகள். அவை இறுகினால் ஒரு பக்கப் பாட் மட்டும் தேய்ந்து இரும்பு வரை போய்விடும். ஆகவே இரு பக்கமும் குனிந்து பார்க்க வேண்டும். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டொட் 4 வகை புதிதில் 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் கொதிநிலை 155 வரை இறங்கலாம். கொதித்தால் ஆவி உண்டாகும், லீவர் வெறுமையாகக் கைப்பிடியைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் மாற்ற வேண்டும். பாதி பாவித்து மூடி வைத்த பழைய போத்தல் வேண்டாம்.

கேபிள்களில் துரு உள்ளேதான் தொடங்கும். லீவரைக் கழற்றி மேல்நுனியிலிருந்து மெல்லிய எண்ணெய் விடுங்கள். நுனியில் ஒரு இழை பிரிந்திருந்தால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். அக்சிலேற்றர் கைப்பிடியை விட்டதும் "டப்" என்று தானாகத் திரும்ப வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

கச்சான் காலம்

கச்சானில் புழுதிதான் எதிரி. ஸ்பொஞ்ச் வகை எயார் பில்டரை மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, எஞ்சின் ஒயிலில் நனைத்து, முறுக்காமல் பிழிந்து போட வேண்டும். கடதாசி வகை அடைத்தால் மாற்றுவதுதான். வெளியிலிருந்து காற்றடித்தால் புழுதி இன்னும் உள்ளே ஏறும். எஞ்சின் ஒயில் இந்த வண்டிகளுக்குப் பொதுவாக ஏறக்குறைய ஒரு லீற்றர், தடிப்பு கைநூலில் உள்ளபடி. போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற தரக்குறி இருக்க வேண்டும். இவ்வண்டிகளின் கிளச் அதே ஒயிலில்தான் ஊறுகிறது. கார் ஒயிலின் வழுக்கும் சேர்மானம் கிளச்சையும் வழுக்கவைக்கும். 3,000 கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரியில் மாதம் ஒரு முறை அளவு பார்த்து வடிநீர் விட வேண்டும். முனையில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி வாஸ்லின் பூசினால் திரும்ப வர நாளாகும்.

ரயருக்குக் காற்று, பொதுவாக முன்னுக்கு 25, பின்னுக்கு ஒருவரென்றால் 28, இருவரென்றால் 32 பிஎஸ்ஐ. வண்டிக்கு வண்டி வேறுபடும், செயின் மூடியில் ஒட்டியிருக்கும் தாளே தீர்ப்பு. காலையில் ஓடுமுன் பார்க்க வேண்டும். 28 பாகையில் 25 இருந்த ரயர், மதியத் தாரில் 50 பாகைக்குச் சூடானால் 28 காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் அடுத்த காலையில் 22தான் இருக்கும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கத்தையும் வாசியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு வருடம் வெயில் குடித்த ரப்பர், பூ தேயாவிட்டாலும் மழையில் பிடிக்காது.

வீதி

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது, நீளம் 396 மீற்றர். கச்சான் அடிக்கும் நாளில் அதில் பக்கக்காற்று ஒரு பொருட்டு. எதிரே வரும் பஸ் சில விநாடி காற்றை மறைக்கும், அது கடந்ததும் காற்று முழுதாகத் திரும்ப அடிக்கும். வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டாங்கைப் பிடித்து, கையைத் தளர்வாக வையுங்கள். ஹாண்டிலை இறுக்கினால் காற்று உங்கள் தோளைத் தள்ளும் தள்ளு நேரே முன்சில்லுக்குப் போகும்.

உப்புவெளி, நிலாவெளி வீதிகளில் தாரின்மேல் காற்று கொண்டுவந்த மணல் கிடக்கும். தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயும். இரண்டிலும் விதி ஒன்றே. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் போகும்போது பிரேக்கையும் தொடாமல் சாயாமலும் நேரே கடக்க வேண்டும். கச்சான் முடிந்து விழும் முதல் மழையின் முதல் கால் மணி நேரம் இன்னும் மோசம். மாதக்கணக்கில் படிந்த ஒயிலும் புழுதியும் குழம்பாகி நிற்கும், பெருமழை கழுவிய பிறகுதான் வீதி திரும்பப் பிடிக்கும்.

இரவுக்கு ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வண்டி விநாடிக்கு 14 மீற்றர் ஓடுகிறது. கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, பிறகு காய்ந்த வீதியில் நிற்க ஏறக்குறைய 16 மீற்றர், மொத்தம் 30. 70இல் அது 51 மீற்றர், நனைந்த வீதியில் 67 வரை போகும். சிறிய வண்டியின் தாழ்ந்த வெளிச்சமோ சுமார் 40 மீற்றருக்குத்தான் உதவும். 70இல் போகிறவர், தான் காணாத இடத்துக்குள் ஓடுகிறார். அந்த இடத்தில் படுத்திருப்பது பெரும்பாலும் எருமை. மாட்டின் கண் நம்மைப் பார்த்தால் மினுங்கும், முதுகைக் காட்டினால் ஒன்றும் தெரியாது. நகரில், பிரெட்ரிக் கோட்டைப் பக்கம், புள்ளிமான்கள். ஒன்று கடந்துவிட்டது என்று முறுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாலை மங்கினால் யானை. தூரத்திலேயே நின்று, எஞ்சினை அணைக்காமல், ஹோர்ன் அடிக்காமல், திரும்பிப் போக இடம் பார்த்து வைப்பதுதான் செய்யக்கூடியது.

தலைக்கவசத்தைப் பற்றி ஒரே பரிசோதனை. பட்டியைப் பூட்டி, பின்விளிம்பைப் பிடித்து முன்னுக்கு உருட்டிப் பாருங்கள். கழன்று வந்தால் அது விழும்போதும் கழலும். மணல் கீறிய கண்ணாடியை மாற்றுங்கள், எதிர் வெளிச்சத்தில் அந்தக் கீறல்கள் முழுவதும் வெள்ளையாகிவிடும்.

வெள்ளம்

ஓடுகிற வெள்ளத்தில் இறங்க வேண்டாம், ஆழம் எதுவானாலும். தேங்கிய தண்ணீர் சில்லின் நடு அச்சைத் தாண்டினாலும் வேண்டாம். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதல் கியரில், அக்சிலேற்றரைச் சற்று ஏற்றி, இடையில் விடாமல் போங்கள்.

நடுவில் எஞ்சின் நின்றால் செல்ஃபை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனோடு இணைந்த கொனெக்டிங் றொட்தான் வளையும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, சாவியை மூடியபடி கிக்கரை மெல்ல மிதித்தால் தண்ணீர் வெளியே பீறும். பில்டர் பெட்டியையும் கார்புரேற்றர் கிண்ணத்தையும் வடித்துக் காயவையுங்கள். ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் வடித்துப் புது ஒயில் விட்டு, சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்துத் திரும்ப விட வேண்டும். ஒரு தடவையில் போகாது. ஹெட்லைட் கிண்ணத்துக்குள் உள்ள வயர் இணைப்புகளைப் பிரித்துக் காயவைக்காவிட்டால் பச்சை பூத்து, ஒரு மாதம் கழித்துப் பிரேக் லைட் எரியாது. சில்லுப் பெயரிங் அதற்கும் பிந்தித்தான் சத்தம் போடும். பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லின் மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அன்றே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.